ரிப்போர்ட் நார்மல்தான், பயம்தான் போகவில்லை

"அவனுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனப்பிரமை" என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். எந்தச் சொந்தக்காரர் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஏப்பம் வந்தால் ஹார்ட் அட்டாக், தலை வலித்தால் மூளையில் கட்டி, எடை ஒரு கிலோ குறைந்தால் புற்றுநோய். அவருக்கு ஒரு பட்டப்பெயரும் கட்டாயம் இருக்கும். இன்னொரு பக்கம், ராத்திரி ஒருமுறை கூகுளில் அறிகுறியைத் தேடிப் பார்த்தவரெல்லாம் "எனக்கு ஹைப்போகாண்ட்ரியா இருக்கு" என்று, நோய் பயத்தின் ஆங்கிலப் பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்கிற காலமாகவும் ஆகிவிட்டது. முதல் ஆள் கேலிக்கு ஆளாகிறார், இரண்டாவது ஆள் இல்லாத ஒன்றை மாட்டிக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

## நடிப்பு, கவலை, பதற்றம்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலி என்று சொல்கிற பையன் நடிக்கிறான், அது அவனுக்கே தெரியும். நாம் பேசப்போகிற ஆள் நடிக்கவில்லை. அவருக்கு நெஞ்சு நிஜமாகவே படபடக்கிறது, கை நிஜமாகவே மரத்துப்போகிறது. உணர்வு உண்மை, அதற்கு அவர் கொடுக்கிற அர்த்தத்தில்தான் சிக்கல்.

அதேபோல, பயாப்ஸி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவர் தூக்கம் வராமல் புரண்டால் அது நோயல்ல, யாராக இருந்தாலும் புரளத்தான் செய்வார்கள். டாக்டர் பார்த்து, தேவையான டெஸ்ட் எடுத்து, பொறுமையாக விளக்கிச் சொன்ன பிறகும் பயம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது, வேலை, தூக்கம், குடும்பம் எல்லாவற்றையும் அது பிடித்து ஆட்டுகிறது என்றால் அதற்குப் பெயர் உடல்நலப் பதற்றம். தனக்குப் பெரிய நோய் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்ற பயம், உடம்பில் தோன்றும் சாதாரண உணர்வுகளைக்கூட ஆபத்தின் அடையாளமாகப் படிக்க வைக்கும் நிலை. அதன் தீவிரமான முனைக்குத்தான் பழைய பெயர் ஹைப்போகாண்ட்ரியா.

அந்தப் பழைய பெயரை அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013ல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அது ஏறக்குறைய ஒரு வசவாகவே ஆகிவிட்டது என்பதும் ஒரு காரணம். இப்போது அங்கே உடல் உபாதை பெரிதாக இருப்பவர்களுக்கு ஒரு பெயர், உபாதை அதிகமில்லாமல் பயமே பெரிதாக இருப்பவர்களுக்கு இன்னொரு பெயர். பொதுவாக ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ தன் புதிய பட்டியலிலும் பழைய பெயரை வைத்துக்கொண்டு, அதை ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறது. திரும்பத் திரும்பக் கையைக் கழுவுகிறவருக்கும் திரும்பத் திரும்ப நாடியைப் பிடித்துப் பார்க்கிறவருக்கும் இருக்கும் ஒற்றுமையைப் பார்த்தால் அது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒன்று, நிஜமான நோய் இருப்பவருக்கும் இது வரலாம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், நோய்க்குத் தேவையான கவனத்தைத் தாண்டி நாள் முழுக்க நெஞ்சையே கவனித்துக்கொண்டிருந்தால் அதுவும் இதுதான். இரண்டு, எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் அல்ல. "போனா எதையாவது கண்டுபிடிச்சிடுவாங்க" என்று ஆஸ்பத்திரி இருக்கும் தெருவையே தவிர்க்கிறவர்களும் இதே பயத்தின் பிள்ளைகள்தான். இவர்களை நாம் "தைரியசாலி, டாக்டர்கிட்ட போகவே மாட்டார்" என்று பாராட்டிக்கொண்டிருப்போம்!

இது அபூர்வமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றின்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் பேருக்கு இந்த அளவு பதற்றம் இருந்திருக்கிறது.

## தபால்காரரும் நாயும்

நாய் வளர்ப்பவர்கள் கவனித்திருப்பார்கள். தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது. அவர் கடிதத்தைப் போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிறார். நாயின் கணக்கு வேறு: "நான் குரைத்தேன், ஆள் ஓடிவிட்டான்." மறுநாள் இன்னும் வேகமாகக் குரைக்கும். பத்து வருடம் ஆனாலும் தபால்காரர் ஆபத்தில்லாத மனிதர் என்று அதற்குத் தெரியப்போவதில்லை, ஏனென்றால் குரைக்காமல் இருந்து பார்த்தால்தானே தெரியும்.

உடம்பில் வந்துபோகும் சின்ன உணர்வுகள்தான் அந்தத் தபால்காரர். ஒரு துடிப்பு தப்பியது போல இருப்பது, வயிறு இழுத்துப்பிடிப்பது, கண்ணிமை துடிப்பது, எழுந்ததும் கிறுகிறுப்பது எல்லாம் எல்லோருக்கும் அவ்வப்போது வருவதுதான், தானாகவே போய்விடும். ஆனால் போகும் முன் நாம் நாடி பார்த்துவிட்டோம், கூகுள் பண்ணிவிட்டோம், ஓர் ஈசிஜி எடுத்துவிட்டோம். உணர்வு போனதும் மூளை எழுதி வைத்துக்கொள்கிறது: செக் பண்ணியதால்தான் தப்பித்தோம்.

உடல்நலப் பதற்றத்தின் இயக்கம் பெரும்பாலும் இவ்வளவுதான். 1980களில் பிரிட்டனில் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரு மனநல ஆராய்ச்சியாளர்கள் இதை ஒழுங்காக எழுதி வைத்தார்கள், இன்றைய சிகிச்சை அதன்மேல்தான் நிற்கிறது. இனி அதன் உள்பாகங்களைப் பார்ப்போம்.

## பயம் எப்படி அறிகுறியைத் தயாரிக்கிறது

பக்கத்தில் யாராவது "குழந்தைக்குத் தலையில பேன்" என்று சொல்லட்டும், உங்கள் கை தானாகத் தலைக்குப் போகும். இதைப் படிக்கும்போதே சிலருக்குப் போயிருக்கும். அந்த அரிப்பு பொய்யா? பொய்யில்லை. தோலிலிருந்து மூளைக்குச் சில்லறைச் சேதிகள் ஓயாமல் போய்க்கொண்டேதான் இருக்கின்றன, மூளை அவற்றில் பெரும்பாலானவற்றைக் குப்பையில் போடுகிறது. "பேன்" என்ற சொல் வந்ததும் குப்பையைக் கிளற ஆரம்பிக்கிறது. கவனம் திரும்பினால் உணர்வு பெரிதாகும். இதை ஆர்தர் பார்ஸ்கி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விரிவாக ஆராய்ந்தார். தமிழில் உணர்வுப் பெருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு இந்த வால்யூம் பிறவியிலேயே கொஞ்சம் கூட.

அடுத்தது அட்ரினலின், அதாவது ஆபத்து வந்தால் ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார்படுத்தும் சுரப்பு. "இது ஹார்ட் அட்டாக்கோ?" என்ற நினைப்பு ஒன்றே அதை வரவழைக்கப் போதும். வந்ததும் நெஞ்சு வேகமாக அடிக்கும், வியர்க்கும், வயிறு கலங்கும், கை நடுங்கும். மாரடைப்புக்குப் பயப்படுகிறவருக்கு இதைவிட மோசமான ஆதாரம் வேண்டுமா?

மூன்றாவதுதான் நிறைய பேரை ராத்திரி எமர்ஜென்சிக்கு ஓட வைப்பது. பயத்தில் மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும், பல சமயம் அவருக்கே தெரியாது. அப்படி மூச்சு வாங்கினால் தேவைக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும், ரத்தத்தின் காரத்தன்மை கொஞ்சம் ஏறும், விளைவாக விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சைப் பிடித்தாற்போல இருக்கும், "காத்தே உள்ள போகல" என்று தோன்றும். இடது கை மரத்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் படித்ததெல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வரும்.

கடைசியில் நம் கை. கழுத்தில் ஒரு நெறி கட்டியிருக்கிறது. ஜலதோஷம் பிடித்தபோது வந்தது, விட்டிருந்தால் வடிந்திருக்கும். இவர் குளிக்கும்போது ஒருமுறை, கண்ணாடி முன் ஒருமுறை, படுத்ததும் பத்து முறை விரலால் உருட்டிப் பார்க்கிறார். உருட்டினால் அந்த இடம் வீங்கத்தானே செய்யும், வலிக்கத்தானே செய்யும். "நேத்தைவிட பெருசா இருக்கு" என்று அவர் சொல்வது பொய்யில்லை, பெரிதாக்கியது அவர் விரல்.

இதுவரை வந்ததைக் கோர்த்துப் பார்த்தால்: ஒரு சாதாரண உணர்வு, அதற்கு ஒரு பயங்கர அர்த்தம், அதனால் பயம், பயத்தால் புதிதாக நாலு நிஜமான உணர்வுகள், அவை முதல் சந்தேகத்துக்குச் சாட்சி.

## நிம்மதிதான் இங்கே எரிபொருள்

எனக்குத் தெரிந்த ஒருவர், நாற்பதை ஒட்டிய வயது, நல்ல வேலை. அவரிடம் ஒரு தடித்த பிளாஸ்டிக் ஃபைல் உண்டு. ஈசிஜி தாளில் அச்சாவது மை இல்லை, சூட்டில் கறுக்கும் தாள் அது, சில வருடங்களில் வெளுத்துவிடும். அது அவருக்குத் தெரியும். ஆகவே எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, தேதியும் அன்று எந்தப் பக்கம் வலித்தது என்பதும் ஓரத்தில் எழுதி, வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். சட்டைப் பையில் ஒரு சார்பிட்ரேட் அட்டை, நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை. வெளியூர் போனால் லாட்ஜ் எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் கேத் லேப், அதாவது இதய அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் அறை, உள்ள ஆஸ்பத்திரி எது என்று பார்ப்பார். ராத்திரி படுக்கப் போகும்போது மனைவியிடம்:

"ஏம்மா, என் முகம் வெளுத்த மாதிரி இருக்கா?"

"இல்லங்க, நல்லாத்தான் இருக்கீங்க."

"லைட்ட போட்டுப் பாத்துச் சொல்லு."

லைட்டைப் போட்டுப் பார்த்துச் சொல்வார் அந்த அம்மா. அரை மணி நேரம் நிம்மதி.

இவற்றையெல்லாம் பாதுகாப்புச் செய்கைகள் என்கிறார்கள்: ஆபத்தைத் தடுப்பதாக நினைத்துச் செய்யும், உண்மையில் பயத்தையே உயிரோடு வைத்திருக்கும் பழக்கங்கள். ஒவ்வொன்றும் ஒரு குரைப்பு. சில சமயம் அவையே அறிகுறியையும் கொடுக்கும். சார்பிட்ரேட்டைத் தேவையில்லாமல் நாக்குக்கடியில் வைத்தால் பிபி இறங்கும், தலை வலிக்கும், கிறுகிறுக்கும். அப்புறம் அந்தக் கிறுகிறுப்புக்கு ஒரு ஸ்கேன்.

எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். பயந்தவருக்கு ஒரு டெஸ்ட் எடுத்துக் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்று குடும்பம் நினைக்கிறது, பல டாக்டர்களும் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். 2013ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் இருந்த சுமார் 3,800 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பெரிய நோய் இருக்க வாய்ப்புக் குறைவானவர்களுக்கு டெஸ்ட் எடுத்து நார்மல் என்று சொன்னால் நோய் பற்றிய கவலை குறைகிறதா என்பது கேள்வி. குறிப்பிடும்படி குறையவில்லை. அன்றைக்கு ஒரு பெரிய நிம்மதி வரும், அது கரையும், "அந்த மெஷின் பழசு", "அன்னைக்கு வலி இல்லாதப்ப எடுத்தாங்க", "ஈசிஜில தெரியாத அடைப்பும் இருக்காமே" என்று ஓட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். நூறு சதவீதம் உறுதி என்று எந்த டெஸ்டும் சொல்லாது, இவருக்கோ அதற்குக் குறைந்த எதுவும் ஆகாது.

## இந்தக் காலம் மட்டும் ஏன் இப்படி

நோய் பயம் பழசுதான். ஆனால் குரைப்பதற்கு இத்தனை வசதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008ல் இதை ஆராய்ந்தார்கள். தலைவலி என்று தேடினால் இணையம் அதைக் காபியை நிறுத்தியதால் வரும் தலைவலியோடு எவ்வளவு சேர்த்துப் பேசுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு மூளைக் கட்டியோடும் சேர்த்துப் பேசியது. நிஜத்தில் இரண்டும் பக்கத்தில்கூட நிற்க முடியாது. விரத நாளில் காலைக் காபி இல்லாமல் மதியம் தலையைப் பிடித்துக்கொள்ளாத வீடு எது? மூளைக் கட்டியோ ஒரு வருடத்தில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தேடல் பக்கம் காட்டாது, எல்லா நோயையும் ஒரே சைஸ் எழுத்தில் காட்டும். இன்றைக்கு ஏஐயிடம் கேட்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, அது அலுத்துக்கொள்ளாமல் எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்லும். மனைவியாவது பத்தாவது முறை "தூங்குங்க" என்பார்.

அப்புறம் மாஸ்டர் செக்கப். பண்டிகைத் தள்ளுபடி மாதிரி "60 டெஸ்ட், பாதி விலை" என்று விளம்பரம் வருகிறது. லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் நார்மல் ரேஞ்ச் பல டெஸ்டுகளுக்கு எப்படிப் போடப்படுகிறது தெரியுமா? ஆரோக்கியமானவர்கள் 100 பேரை எடுத்தால், நடுவில் வரும் 95 பேரின் அளவு எதற்குள் அடங்குகிறதோ அதுதான் ரேஞ்ச். மீதி 5 பேரும் ஆரோக்கியமானவர்களே, ஆனால் அவர்கள் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தும் ஒரு அம்புக்குறியும் விழும். இப்படி ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால் ஒரு நோயும் இல்லாத ஆளுக்கு எல்லாமே ரேஞ்சுக்குள் வர 36 சதவீத வாய்ப்புதான். 60 எடுத்தால் 5 சதவீதம்கூட இல்லை. நிஜத்தில் டெஸ்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை, சுகர், கொலஸ்ட்ரால் போன்றவற்றுக்கு எல்லை வேறு மாதிரி வைக்கிறார்கள், ஆகவே கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் விஷயம் மாறாது. நிறைய டெஸ்ட் எடுத்தால் ஒரு அம்புக்குறியாவது மாட்டும், உடல்நலப் பதற்றம் உள்ளவருக்கு அந்த ஒரு அம்புக்குறி ஆறு மாதத் தூக்கத்தைத் தின்னும்.

கையில் கட்டும் கடிகாரம் இன்னும் ஒரு படி மேலே. இதயத் துடிப்பு ஒழுங்கின்மை இருந்த 70 வயது அமெரிக்கப் பெண் ஒருவர் ஒரே வருடத்தில் தன் கடிகாரத்தில் 916 முறை ஈசிஜி எடுத்ததை 2020ல் டாக்டர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அவற்றில் பெரும்பாலானவை இயல்பானவை. அவரை ஆட்டி வைத்தது, கடிகாரம் இடையிடையே "தெளிவாக இல்லை" என்று காட்டியதுதான். கோவிட் சமயத்தில் ஆக்சிமீட்டரை விரலை விட்டுக் கழற்றாமல் இருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

செய்தியின் பங்கும் உண்டு. 2021 அக்டோபர் 29ல் நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்ததும் பெங்களூரு ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் செக்கப்புக்கு வருகிறவர்கள் கூட்டம் எகிறியது. அவர்களில் நிஜமாகவே பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மரணம், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த எத்தனை பேரை ஒரே ராத்திரியில் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வைக்கிறது பாருங்கள்.

## அப்போ டாக்டரிடமே போகக் கூடாதா?

போக வேண்டும். நடந்தால், படியேறினால் நெஞ்சு இறுகுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, புதிதாக வந்து வளரும் கட்டி என்றால் கூகுளும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். அவசரமென்றால் 108. பதற்றக்காரர் என்று பெயரெடுத்தவருக்கும் ஒருநாள் நிஜமான நோய் வரும் என்பதை டாக்டரும் மறக்கக் கூடாது.

ஆனால் ஒரே டாக்டர். ஊரில் உள்ள ஸ்பெஷலிஸ்டுகளையெல்லாம் சுற்றுவதைவிட, உங்கள் கதை முழுக்கத் தெரிந்த ஒரு ஃபேமிலி டாக்டர். அதிலும் வலி வந்தபோதெல்லாம் ஓடாமல், மாதம் ஒருமுறை என்று முன்கூட்டியே தேதி வைத்துப் போவது நல்லது. பயம் கூப்பிடும்போது போகாமல் காலண்டர் சொல்லும்போது போனால், குரைத்ததால் ஆள் ஓடினான் என்ற கணக்கு உடைய ஆரம்பிக்கும்.

## சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்

இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சை சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை. "கவலைப்படாதீங்க சார்" என்கிற அறிவுரை இல்லை இது. உதாரணமாக, சிகிச்சையாளர் எதிரில் உட்கார வைத்து ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார். விரல் மரக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். மாரடைப்பென்று நினைத்த அத்தனையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரவழைக்க முடிகிறது, நிறுத்தினால் போகிறது என்று உடம்பே பார்த்துக்கொள்ளும். (இதய நோயோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் இதைத் தாங்களாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) அடுத்து, செக் பண்ணுவதைத் தள்ளிப்போடுவது: கழுத்தைத் தொடத் தோன்றினால் பத்து நிமிடம் கழித்து, பிறகு ஒரு மணி நேரம் கழித்து, பிறகு நாளைக்கு. முதலில் பயம் ஏறும், ரொம்பவே ஏறும், பிறகு தானாக இறங்கும்.

பிரிட்டனில் இதயம், நரம்பு, வயிறு, நுரையீரல், நாளமில்லாச் சுரப்பி சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 444 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நர்ஸ்கள் போன்றோருக்குப் பயிற்சி கொடுத்து, சில அமர்வுகளே நடத்தியும்கூட பலன் வருடக்கணக்கில் நீடித்தது. மாத்திரையும் உண்டு, ஃப்ளுவாக்செடின் போன்றவை. இவை தூக்க மாத்திரை வகை இல்லை, போதையாகப் பிடித்துக்கொள்ளாது. வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், தொடக்கத்தில் வயிற்றுக் குமட்டல், படபடப்பு வரலாம். இந்த ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று சொல்லவேண்டியதில்லை, ஆகவே டாக்டரிடம் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. தானாக நிறுத்தவும் கூடாது.

"இதுக்கெல்லாமா வைத்தியம்?" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஹைப்போகாண்ட்ரியா என்று கண்டறியப்பட்ட 4,000க்கும் மேற்பட்டவர்களை ஸ்வீடனில் பல வருடப் பதிவேடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு 2023 டிசம்பரில் வெளியானது. மற்றவர்களைவிட அவர்கள் சராசரியாக ஐந்து வருடம் முன்னதாக இறந்திருந்தார்கள், தற்கொலை அபாயம் சுமார் நான்கு மடங்கு. சாவுக்கு இவ்வளவு பயப்படுகிறவர்கள்! கேலியும் "ஒண்ணும் இல்ல போங்க" என்ற விரட்டலும் அவர்களை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு: லைட்டைப் போட்டுப் பார்த்துச் சொல்வது அன்புதான், ஆனால் அதுவும் ஒரு டெஸ்ட். கேட்கிறவரோடு பகலில், பயமில்லாத நேரத்தில் பேசி ஒப்புக்கொண்ட பிறகு, ராத்திரி கேள்வி வரும்போது "பயமா இருக்குன்னு தெரியுதுங்க, இதுக்கு நான் பதில் சொல்றதில்லன்னு பேசியிருக்கோம்ல, வாங்க கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம்" என்று சொல்லலாம். முன்பேச்சு இல்லாமல் திடீரென்று இதைச் செய்தால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416ஐ அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓபி இருக்கிறது. அங்கே போய் முதலில் நெஞ்சுவலியைச் சொல்லத் தொடங்கினால் மறுபடி ஈசிஜிக்குத்தான் அனுப்புவார்கள். "டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு டாக்டர், நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா பயம் நிக்கல, அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தால் பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.